நர்ஸ் அக்காவின் பயோடேட்டாவும் எங்கள் வீட்டு பிரிண்டரும்

எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் உறை நீங்கி வெளிக்காற்று பட்டதில்லை. டி.வி. ரிமோட் ஒரு பாலித்தீன் பைக்குள் இருக்கும், பைக்கு மேல் இரண்டு ரப்பர் பேண்டு. பல வருடம் அழுத்தி அழுத்தி எண்கள் பதிந்துபோனது பையில்தான். உள்ளே இருந்த ரிமோட் பிறந்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் கடையிலிருந்து வரும்போதே ஒட்டியிருந்த நீலத் தாள் ஆறு வருடமாக அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வரும் குழந்தைகள் ஓரத்தைப் பிய்த்துவிடும். அம்மா செல்லோடேப் போட்டுத் திரும்ப ஒட்டிவிடுவார். சோபாவின் பிளாஸ்டிக் உறை வெயில் காலத்தில் உட்கார்ந்தவர்களை எழவிடாது. மீறி எழுந்தால் ஒரு சத்தம் வரும். பாதி விருந்தாளிகள் அந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட்டு மறுபடி உட்கார்ந்து இன்னொரு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அத்தா, அதாவது என் அப்பா, துபாயில் இருந்தார். எங்கள் பக்கம் வெளிநாட்டில் வேலை பார்ப்பவரைச் சபுராளி என்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சபுராளி உண்டு. அத்தா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத லீவில் வருவார். வந்த மறுநாள் காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். நீலத் தாள் இருக்கிறதா, ரிமோட் பை இருக்கிறதா, மிக்ஸியின் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “நல்லா வச்சிருக்கீங்க” என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மா இரண்டு வருடம் உழைத்தார். நானும் இந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு என்னிடம் இதைவிட நல்ல சமாதானம் கிடையாது.

நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் வருடம். கல்லூரியில் ஒரு பிரிண்டர் இருந்தது. துறைத் தலைவியின் அறையில், பூப்போட்ட துணி போர்த்தி, பூட்டிய கதவுக்குப் பின்னால். அதை வைத்து ‘அவுட்புட் சாதனங்கள்’ என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் பதில் எழுதினோம். நான் படம் வரைந்து, பாகங்களுக்கு அம்புக்குறி போட்டு, ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அந்தப் படத்தில் கார்ட்ரிட்ஜ் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் என்ன இருக்கிறது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

அதற்கு முந்தைய வருடம் லீவில் வந்தபோது அத்தா எனக்காக ஒரு பிரிண்டர் கொண்டுவந்தார். துபாய்க் கடைக்காரரே மை மாட்டி, ஓட்டிப் பார்த்து, திரும்பப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தார். கூடவே உபரியாக ஒரு செட் கார்ட்ரிட்ஜ், கறுப்பு ஒன்று, கலர் ஒன்று. அவற்றை அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். அதனால் நாங்கள் யாரும் புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே பிரிண்டர் சொந்தக்காரர்கள் ஆனோம்.

பிறகு நான் அச்சடித்தேன். ஊரில் வேறு யார் வீட்டிலும் பிரிண்டர் இல்லை என்ற எண்ணம் தலைக்கு ஏறினால் ஒரு மனுஷி என்னவெல்லாம் அச்சடிப்பாள் என்பதற்கு எங்கள் சமையலறை சாட்சி. மஞ்சள்தூள் டப்பாவில் மஞ்சள் எழுத்தில் ‘மஞ்சள்தூள்’, மிளகாய்த்தூளில் சிவப்பு எழுத்து, அதற்கு நிழல். வாசலில் ‘காலணிகளை இங்கே விடவும்’, சுற்றிலும் ரோஜாப்பூ. மோட்டார் சுவிட்சுக்கு மேல் ‘தொட்டி நிரம்பியதும் நிறுத்தவும்’. சீனி டப்பாவில் ‘சர்க்கரை’ என்று போட்டு, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் கீழே ஆச்சரியக்குறியும் ஒரு மண்டையோடும் வைத்தேன். அம்மா அதைப் பார்த்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மை முடிந்தது மல்லித்தூளில். ‘மல்லி’ பச்சையாக வந்தது. ‘தூள்’ கண்ணுக்கே தெரியவில்லை.

நர்ஸ் அக்கா எங்கள் வீட்டுக்குத் தினமும் வந்துகொண்டிருந்தது அம்மாவின் அந்தச் சர்க்கரையால்தான். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் அம்மாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டுப் போவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் அம்மா அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நர்ஸ் அக்கா. கணவர் லோடு வண்டி ஓட்டுபவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சவூதியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து போன வருடமே விண்ணப்பித்தார், இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள். சரியாக அந்த ஐப்பசியில் பெய்த மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோடு அறுந்து, மூன்று நாள் பஸ்ஸே இல்லை. இன்டர்வியூ இரண்டாவது நாள். முழங்கால் தண்ணீரில் மெயின்ரோடு வரை நடந்து போய், அங்கேயும் பஸ் இல்லாமல் அவர் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். அந்தச் சம்பளம் வந்தால் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடலாம், குழந்தையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். இதையெல்லாம் அவர் சொன்னதில்லை. அம்மாவின் கையில் ஊசி போடும்போது அம்மா கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

இந்த வருடம் திரும்பக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அழைப்புக் கடிதம் வரும், அதை அச்செடுத்துக் கொண்டுவராதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். கூடவே, கலர் போட்டோ போட்ட பயோடேட்டா நான்கு பிரதி. நர்ஸ் அக்காவிடம் மின்னஞ்சல் கிடையாது. நான் பெருந்தன்மையோடு என்னுடையதைக் கொடுத்திருந்தேன். பத்தாம் வகுப்பில் திறந்த கணக்கு; என் பெயருக்குப் பின்னால் ‘ஏஞ்சல்’ என்று சேர்த்திருந்தேன். பயோடேட்டாவில் அவர் பெயருக்குக் கீழே அந்த ஏஞ்சல் போய் உட்கார்ந்தாள்.

பயோடேட்டாவும் என் கைவண்ணம்தான். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டேன். நைட் டூட்டி முடிந்தால் தூங்குவது என்றார். ‘புத்தகம் படித்தல், இசை கேட்டல்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர் வைத்தேன். இது வேண்டுமா பாப்பா என்று கேட்டார். மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும் என்றேன். அது உண்மையாயிற்று.

வியாழன் ராத்திரி கடிதம் வந்துவிட்டது. வெள்ளி காலை ஏழு மணிக்கு இன்சுலின் போட வந்தவரிடம் சொன்னேன். ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடு, தஞ்சாவூரிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன் என்றார். இந்த இடத்தில் நான் ‘சரிக்கா’ என்று சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை.

“கடையில உங்க மூஞ்சி கறுப்பா வரும்க்கா. வீட்ல பிரிண்டர வச்சுக்கிட்டு நீங்க ஏன் அலையணும்? நீங்க வர்றதுக்குள்ள எடுத்து வச்சிடறேன்.”

நர்ஸ் அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, சரி, ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வருகிறேன், குழந்தையையும் பார்த்துவிட்டுப் போனது போல இருக்கும் என்றார். இரண்டு மணிக்கு மெயின்ரோட்டில் பஸ் பிடித்தால்தான் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் முன்பதிவு செய்த சென்னை பஸ்ஸைப் பிடிக்க முடியும். நடுவில் டீ குடிக்கக்கூட நேரம் இல்லை.

நான் அன்றைக்குக் கல்லூரிக்குப் போகவில்லை. ஏழரையிலிருந்து பத்து மணி வரை என்ன செய்தேன் என்றால், எழுத்து மாற்றினேன். ஒரு எழுத்துரு கம்பீரமாக இருந்தது, இன்னொன்று அன்பாக இருந்தது. ரோஜாவின் இலைகளுக்குச் சரியான பச்சை கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்த வருடங்களில் தினமும் இரண்டு மணி நேரம் போகும், எங்கள் ஊருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு என்று அட்டவணையே இருந்தது. அந்த அட்டவணையை அச்சடித்து ஹாலில் ஒட்டியவளும் நான்தான்.

சரி, கரண்ட் வருவதற்குள் மை மாட்டிவிடலாம் என்று அம்மாவிடம் பீரோ சாவி கேட்டேன். அட்டைப்பெட்டிக்குள் வெள்ளிக்காகிதப் பை, அதற்குள் கார்ட்ரிட்ஜ். அதோடு ஒரு சின்னப் பாலித்தீன் கவரில், மடித்த தாள் ஒன்று. அந்தக் கவரை நான் பிரிக்கவில்லை. கியாரண்டி சம்பந்தமான தாளாக இருக்கும் என்று அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கார்ட்ரிட்ஜின் அடியில் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய டேப் ஒட்டியிருந்தது, அதற்கு இளஞ்சிவப்பில் ஒரு வால். அதைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. ரிமோட்டுக்குப் பை, சோபாவுக்கு உறை, மைக்கு இது. கலர் கார்ட்ரிட்ஜில் ஒரு ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறியது. நகத்தால் நன்றாக அழுத்தி, போதாதென்று ஒரு துண்டு செல்லோடேப் வெட்டி அதன் மேல் ஒட்டினேன். இளஞ்சிவப்பு வால் இடைஞ்சலாக இருந்ததால் அழகாக மடித்து உள்ளே செருகினேன். இரண்டையும் மாட்டி மூடியைச் சாத்தியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் உள்ளங்கால் கூசுகிறது.

பன்னிரண்டுக்குக் கரண்டும் நர்ஸ் அக்காவும் ஒன்றாக வந்தார்கள். இஸ்திரி போட்ட புதுக் காட்டன் புடவை, தோளில் ஒரு பை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அழைப்புக் கடிதத்தைத் திறந்து, பிரிண்ட் என்பதை அழுத்தினேன். பிரிண்டர் முக்கி முனகித் தாளை இழுத்தது. உள்ளே ஏதோ இடமும் வலமும் ஓடியது. தாள் வெளியே வந்தது, போனது போலவே.

திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் வெள்ளை.

தாளில்தான் கோளாறு என்று வேறு தாள் வைத்தேன். வெள்ளை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது உயிர் பெற்று எழ ஐந்து நிமிடம் ஆகும்; அந்த ஐந்து நிமிடத்தில் பேசிச் சமாளிக்க வேண்டும் என்பதால் நர்ஸ் அக்காவுக்கு இங்க்ஜெட் தொழில்நுட்பத்தை விளக்கினேன். வெள்ளை. பிரிண்டரின் சி.டி.யைத் தேடி எடுத்து மென்பொருளை முதலிலிருந்து நிறுவினேன். அது நிறுவிக்கொண்டிருக்கும்போதே பொறுமையில்லாமல் பிரிண்ட், பிரிண்ட் என்று அழுத்திக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை என்பது பிறகு தெரியவந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்த ஒரு பிரவுசிங் சென்டர் உண்டு. ஓடிப் போய் எடுத்துவந்துவிடலாம் என்று எழுந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கடைத்தெரு மொத்தமும் ஷட்டரை இறக்கியிருந்தது. இனி இரண்டரைக்குத்தான் திறக்கும். பக்கத்தில் இருக்கும் பாபநாசத்துக்கு ஓடலாம் என்றால் அங்கே பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் கட். என் அட்டவணையே சொன்னது, பெரிய எழுத்தில், நிழலோடு. சென்னை போய்ச் சேர நடுராத்திரி ஆகிவிடும்; நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கே எந்தக் கடைக்காரர் எட்டு மணிக்கு முன்னால் திறந்து வைத்துக் காத்திருக்கப்போகிறார்?

நர்ஸ் அக்கா அவசரப்படவில்லை, சத்தம் போடவில்லை. பையின் ஜிப்பை ஒரு அங்குலம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“போன வருஷம் தண்ணியில போயிடுச்சின்னு சொன்னேன். இந்த வருஷம் கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டிருக்கேன் பாப்பா.”

அம்மா அத்தாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். அங்கேயும் வெள்ளி விடுமுறை. தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் உடனே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“நீ எதையாச்சும் பிச்சியா?” என்றார் அத்தா.

“இல்லத்தா. எல்லாம் ஒட்டுனபடி அப்படியே இருக்கு.”

“அப்ப உம்மேல தப்பில்ல. மெஷின்லதான் கோளாறு.”

தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் இவ்வளவு முழுமையாகப் புரிந்துகொண்ட தருணம் எங்கள் வாழ்க்கையில் வேறு இல்லை.

போனை வைத்ததும் எனக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. மை ஒரு வருடமாகப் பீரோவில் இருந்திருக்கிறது, உறைந்துபோயிருக்கும். வெந்நீர் ஏற்றினால் இளகும். நர்ஸ் அக்காவின் கைப்பையில் எப்போதும் ஊசி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு கார்ட்ரிட்ஜையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, ஒரு சிரிஞ்சு இருந்தா குடுங்களேன்” என்றேன்.

“எதுக்கு?”

“இங்க்கு உறைஞ்சிடுச்சி. வெந்நீர் ஏத்தணும்.”

அவர் சிரிஞ்சை எடுக்கவில்லை. கையை நீட்டிக் கலர் கார்ட்ரிட்ஜை வாங்கினார். ஜன்னலுக்குப் போய், மருந்துக் குப்பியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

“இங்க ஒரு டேப் ஒட்டியிருக்கே?”

“அது ப்ரொடெக்‌ஷன்க்கா. அத எடுக்கக் கூடாது.”

“அதுக்கு மேல ஒண்ணு இருக்கே?”

“அது நான் ஒட்டுனது.”

நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டு, அம்மா ‘ம்’ என்று சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்ப்பது.

“மை எது வழியா வெளிய வரும் பாப்பா?”

அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக என்று விளக்க ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் வாய் நின்றுபோயிற்று.

“ட்ரிப் செட்டு முனையில மூடி இருக்கும். அதக் கழட்டாம பேஷண்ட்டுக்கு மாட்டினா என்ன ஏறும்?” என்றபடி இளஞ்சிவப்பு வாலைத் தேடி வெளியே இழுத்தார்.

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். “இரும்மா, பிச்சிடாத. இவ அத்தா வந்தா கேப்பாங்க.”

நர்ஸ் அக்கா பிய்த்துவிட்டார். ‘சர்ர்’ என்று ஒரே இழுப்பு, ஆறின காயத்துப் பிளாஸ்திரியை எடுப்பதுபோல. கறுப்பிலிருந்தும் ஒரு இழுப்பு. கட்டைவிரலில் ஒரு சொட்டு மை. அம்மா அந்த இரண்டு டேப்பையும் கீழே விழாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

மாட்டினேன். அழைப்புக் கடிதம் கறுகறுவென்று வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கத்தியது. கடிதத்தை எடுத்து நர்ஸ் அக்காவிடம் கொடுப்பதற்குள் இன்னொரு கடிதம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் அழுத்திய பிரிண்ட் எல்லாம் உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்திருக்கின்றன. நிறுத்தத் தெரியவில்லை. மொத்தம் ஏழு கடிதங்கள். ஒரு குடும்பமே இன்டர்வியூவுக்குப் போகலாம். ஏழையும் எடுத்து அடுக்கி நர்ஸ் அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்தார்.

பிறகு பயோடேட்டா. முதல் பிரதி அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. பார்டரில் சிவப்பு ரோஜாக்கள் மஞ்சளாக இருந்தன. அடுத்து போட்டோ வந்தது. முகம் பச்சை. வாழை இலைப் பச்சை அல்ல; குளத்துப் பாசிப் பச்சை. என் செல்லோடேப்பின் பசை டேப் தூக்கியிருந்த ஓரம் வழியாக இறங்கிச் சிவப்புத் துளைகளை அடைத்துவிட்டது. நான்கு பிரதிகளும் அப்படியே வந்தன.

நர்ஸ் அக்கா தன் பச்சை முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஐ.சி.யூ.வுல நான் பாக்குற பேஷண்ட்டே பரவாயில்ல போல.”

எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மணி ஒன்று நாற்பது. நர்ஸ் அக்கா ஏற்கெனவே கைப்பையைக் கவிழ்த்துவிட்டார். பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள் ஒரு கவர் நிறைய இருந்தன. பச்சை முகத்துக்கு மேல் நிஜ முகத்தை ஒட்டிவிட்டால் போயிற்று. வீட்டில் கோந்து இல்லை. செல்லோடேப் என்ற சொல்லை உச்சரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா ஓடிப்போய் அடுப்பிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்துவந்து முதல் பிரதியில் போட்டோவை ஒட்டினார். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நெய்ச்சோறு. போட்டோ நழுவியது, அதைச் சுற்றி எண்ணெய் வளையமாகப் பரவியது. இரும்மா என்று அம்மாவை நிறுத்திவிட்டு, நர்ஸ் அக்கா கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். சின்னச் சின்னதாகக் கிழித்து, பசைப்பக்கம் வெளியே வரும்படி வளையமாகச் சுருட்டி, போட்டோவுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். நான்கும் உட்கார்ந்துவிட்டன. நெய்ப் பிரதியைக் கடைசியில் வைத்தார்.

ஸ்கூட்டரை எடுத்தேன். குறுவை அறுப்பு முடிந்த நேரம். மெயின்ரோடு வரைக்கும் தார்ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு டிராக்டர் எதிரே வந்தது. நெல்லில் ஏற்றினேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் பரம்பரையையே விசாரித்தார். பின்னாலிருந்து நர்ஸ் அக்கா, “மாமா, இன்டர்வியூக்குப் போறேன்” என்று திரும்பிச் சொன்னார். அவர் திட்டிக்கொண்டே கையைத் தூக்கினார். வாழ்த்தா, அடிக்கவா என்று தெரியவில்லை. பஸ் தூரத்தில் தெரியும்போது நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஏறும்போது அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். மைக்கறை போகவில்லை.

திங்கட்கிழமை காலை இன்சுலின் போட வந்தபோதுதான் கதை தெரிந்தது. மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம். ஒருவர் மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துவிட்டு, ஏஞ்சல் யார் என்று கேட்டிருக்கிறார். “எங்க ஊர்ப் புள்ளதான் சார்னு சொன்னேன்” என்றார். நெய்ப் பிரதி யாரிடம் போகக்கூடாதோ அவரிடமே போயிருக்கிறது. நடுவில் இருந்த அம்மையார் அதை இரண்டு தடவை முகர்ந்து பார்த்தாராம். அவர்தான், பொழுதுபோக்கில் புத்தகம் என்று போட்டிருக்கிறதே, கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னக்கா சொன்னீங்க?”

“நெசத்தச் சொன்னேன். மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு ஒரு தாள் வரும்ல, அது எந்த மருந்துல வந்தாலும் பிரிச்சுப் படிச்சிடுவேன், புத்தகம் படிக்க நேரம் இல்லைன்னேன்.”

அதற்கு அந்த அம்மையார் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு அரைமணி நேரம் மருந்துகளைப் பற்றியே கேட்டாராம்.

அவர் போன பிறகு நான் அம்மாவிடம் பீரோ சாவி வாங்கி, கார்ட்ரிட்ஜோடு வந்த கவரைப் பிரித்தேன். மடித்த தாள். முதல் படத்தில் ஒரு கை, இளஞ்சிவப்பு வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எந்த மொழியும் தேவைப்படாத படம். அம்பு வேறு போட்டிருந்தார்கள், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நான் போடுவது போலவே. அதற்குப் பக்கத்தில், சுத்தமான துணியில், அம்மா அந்த இரண்டு டேப்பையும் பத்திரமாக வைத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஏஞ்சலுக்கு மின்னஞ்சல் வந்தது. தேர்வாகிவிட்டார். நான் செருப்புப் போடாமல் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் அம்மா அப்போதுதான் வயலிலிருந்து வந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தார்; நான் இரைக்க இரைக்கச் சொன்னதைக் கேட்டு, கழுவின காலோடு திரும்பச் சேற்றில் இறங்கிவிட்டார். நர்ஸ் அக்கா என்னோடு வந்து திரையில் தன் பெயரை மூன்று முறை படித்தார். இதை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று கீழே இருந்தது. என் கை தன்னால் பிரிண்டர் பக்கம் போயிற்று.

“வேணாம் பாப்பா. நீ படிச்சு மட்டும் காட்டு. பிரிண்ட்டு நான் கடையில எடுத்துக்கிறேன்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மார்கழியில் கிளம்பினார். வழியனுப்பப் போனபோது முற்றத்தில் ஒரு புதுச் சூட்கேஸ் நின்றிருந்தது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது, சக்கரங்களில்கூட. குழந்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தது. நான் இப்போது திருந்தியவள் அல்லவா. குனிந்து கைப்பிடியில் ஒரு நுனியைத் தேடி உரிக்கப்போனேன்.

“இருக்கட்டும் பாப்பா,” என்று என் கையை நகர்த்தினார் நர்ஸ் அக்கா. “அங்க போய்ச் சேர்ந்து பிரிச்சுக்கிறேன்.”

குழந்தை நிமிண்டிய ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டவில்லை. என்னிடம் செல்லோடேப் இருக்கிறதா என்று கேட்டார்.